நகரத்து மண்ணில் கன உலோகங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுத் தோட்டம் போடுகிறவர்கள், கைக்குழந்தை வைத்திருக்கும் பெற்றோர், வேதியியல் படிக்கும் மாணவர்கள் ஆகிய மூன்று தரப்பும் நகரத்து மண்ணைப் பற்றி வெவ்வேறு கேள்விகள் கேட்கிறார்கள். மூன்றுக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது: மண்துகளின் மேற்பரப்பில். மண்ணில் எவ்வளவு உலோகம் இருக்கிறது என்பது பாதி விஷயம்தான். அதை மண் எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கிறது, அந்தப் பிடி யாரைக் காப்பாற்றுகிறது, யாரைக் காப்பாற்றவில்லை என்பது மீதிப் பாதி.

கன உலோகங்கள் என்று எவற்றைச் சொல்கிறார்கள்?

நகர மண்ணைப் பொறுத்தவரை ஈயம், காட்மியம், குரோமியம், பாதரசம், நிக்கல், செம்பு, துத்தநாகம். ஆர்செனிக் சரியான உலோகம் இல்லை, ஆனாலும் இந்தப் பட்டியலில் சேர்த்துத்தான் பேசுவார்கள். செம்பும் துத்தநாகமும் செடிக்கும் நமக்கும் சிறிதளவு தேவை, மிஞ்சினால்தான் தொல்லை. ஈயம், காட்மியம், பாதரசம் மூன்றுக்கும் நம் உடலில் எந்த வேலையும் இல்லை.

இவை நகர மண்ணுக்குள் எப்படி வந்தன?

பல வழிகளில். பழைய பெயின்ட் உரிந்து சுவரோரம் விழுகிறது. கார் பேட்டரியை உடைத்து ஈயம் உருக்குகிறார்கள். பழைய வயர்களையும் சர்க்யூட் போர்டுகளையும் செம்புக்காக எரிக்கிறார்கள். டயர் தேய்ந்தால் துத்தநாகமும், பிரேக் தேய்ந்தால் செம்பும் சாலையோரத்தில் சேர்கின்றன. மழை நீர் துத்தநாகப் பூச்சுத் தகரக் கூரையைக் கழுவிக்கொண்டு இறங்குகிறது. முலாம் பூசும் பட்டறைகள், தோல் பதனிடும் ஆலைகள், பாஸ்பேட் உரத்தோடு வரும் காட்மியம் என்று இன்னும் இருக்கின்றன.

ஆனால் உலகம் முழுக்க நகரங்களில் ஈயத்தைப் பரப்பியதில் பெட்ரோலுக்குப் பெரிய பங்கு உண்டு. எஞ்சின் தட்டாமல் ஓட ஈயச் சேர்மம் ஒன்றைப் பெட்ரோலில் கலந்தார்கள். அது புகையாக வெளியேறி மண்ணில் படிந்தது. இதை மண்ணிலிருந்தே கண்டுபிடித்தவர்களில் ஹோவர்ட் மீல்கே என்ற அமெரிக்க ஆய்வாளர் முக்கியமானவர். பால்டிமோர் நகரின் வீட்டுத் தோட்டங்களில் மண் எடுத்து ஆராய்ந்து, 1983இல் முடிவுகளை வெளியிட்டார். பெயின்ட்தான் காரணம் என்றால் பெயின்ட் அடித்த பழைய மரவீடுகள் இருக்கும் இடத்தில்தான் ஈயம் மிக அதிகமாக இருக்க வேண்டும். ஆனால் அது நகர மையத்தில், செங்கல் கட்டடங்கள் நிறைந்த, போக்குவரத்து நெரிசலான பகுதியில் குவிந்திருந்தது. பெயின்ட்டை மட்டும் குற்றம் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் இது பெரிய திருப்பம்.

இந்தியாவில் ஈயப் பெட்ரோல் 2000இலேயே நின்றுவிட்டதே, இன்னுமா மண்ணில் இருக்கிறது?

ஆமாம், இருக்கிறது. ஈயமில்லாப் பெட்ரோல் 1995இல் நான்கு பெருநகரங்களுக்கு வந்தது, 2000இல் நாடு முழுவதும் ஈயப் பெட்ரோல் விற்பனை நின்றது. கடைசியாக நிறுத்திய நாடு அல்ஜீரியா, 2021இல். காற்றில் ஈயம் சீக்கிரமே குறைந்தது. மண்ணில் அப்படிக் குறையாது. ஈயம் மட்குவதில்லை, ஆவியாவதில்லை, கிருமிகளால் அதைச் சிதைக்க முடியாது. கிளறாத மண்ணில் ஈயம் மேலே சில அங்குலத்துக்குள்ளேயே பல பத்தாண்டுகள் தங்கிவிடும். எத்தனை மழை பெய்தும் அது கீழே இறங்காமல் இருப்பதற்குக் காரணம் பரப்புக் கவர்தல்.

பரப்புக் கவர்தல் என்றால் என்ன? உறிஞ்சுவதும் இதுவும் ஒன்றா?

இல்லை. உறிஞ்சுவது உள்ளே போவது. பரப்புக் கவர்தலில் கரைசலில் இருக்கும் அயனி (மின்சுமை ஏறிய அணு), துகளின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்கிறது.

களிமண் துகள்களின் மேற்பரப்பில் எதிர்மின்சுமை இருக்கிறது. நீரில் கரைந்த ஈயம், காட்மியம், துத்தநாகம் எல்லாம் நேர்மின்சுமை கொண்டவை. அதனால் போய் ஒட்டுகின்றன. இது மின்கவர்ச்சியால் வரும் தளர்ந்த பிடி. கால்சியம், சோடியம் மாதிரி வேறு அயனிகள் நிறைய வந்தால் இடம் மாறிவிடும். இன்னொரு பிடி இரும்பு, மாங்கனீசு ஆக்சைடுகளிலும் மட்கிலும் (மக்கிப்போன இலைதழை) நடப்பது. அங்கே உலோகம் மேற்பரப்பிலுள்ள ஆக்சிஜன் அணுவோடு வேதிப் பிணைப்பே போட்டுக்கொள்கிறது. ஈயமும் செம்பும் இந்த இரண்டாவது வகையில் கெட்டிக்காரர்கள். காட்மியமும் நிக்கலும் பெரும்பாலும் முதல் வகையிலேயே நின்றுவிடும்.

டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். இருக்கைகள் இத்தனைதான். ஈயம் ஏறி உட்கார்ந்தால் எழுந்திருக்காது. காட்மியம் உட்கார்ந்திருக்கும், யாராவது நெருக்கினால் எழுந்து இடம் கொடுத்துவிடும். எல்லா இருக்கையும் நிறைந்த பிறகு ஏறுகிறவர்கள் அடுத்த நிறுத்தத்தில் இறங்க வேண்டியதுதான். அவர்கள் இறங்கும் இடம் நிலத்தடி நீர்.

எல்லா மண்ணும் ஒரே மாதிரி பிடிக்குமா?

பிடிக்காது, வித்தியாசம் மிகப் பெரியது. கரிசல் மண்ணில் நிறைந்திருக்கும் மாண்ட்மோரிலோனைட் என்ற களிமண் கனிமம் ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 700, 800 சதுர மீட்டர் மேற்பரப்பு கொண்டது. செம்மண்ணில் அதிகம் இருக்கும் கயோலினைட்டுக்கு 10 முதல் 20 சதுர மீட்டர்தான். ஆனால் செம்மண்ணுக்கு அந்தச் சிவப்பைத் தரும் இரும்பு ஆக்சைடே நல்ல பிடிமானம் உள்ளது, அதனால் செம்மண்ணைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். மட்கு இவை எல்லாவற்றையும் மிஞ்சும். ஒரே எடைக்குக் கயோலினைட்டைவிட இருபது மடங்குக்கும் மேல் நேர் அயனிகளைத் தாங்கும். மணல்தான் கடைசி.

சென்னைக்குள்ளேயே இதைப் பார்க்கலாம். திருவான்மியூர், சாந்தோம், தண்டையார்பேட்டை போன்ற கடலோரப் பகுதிகள் மணற்பாங்கானவை. தி.நகர், மேற்கு மாம்பலம், அண்ணா நகர் பக்கம் களிமண். ஒரே அளவு காட்மியம் இரண்டு இடத்திலும் கொட்டினால், மணலில் அது கிணற்றை நோக்கிப் போகும், களிமண்ணில் மேலேயே நிற்கும்.

நகர மண்ணில் இன்னொரு சிக்கல்: அது பெரும்பாலும் இயற்கையான மண்ணே இல்லை. கட்டட இடிபாடு, சிமென்ட் காரை, செங்கல் தூள், எங்கிருந்தோ லாரியில் வந்த நிரப்பு மண் எல்லாம் கலந்தது. காரையில் இருக்கும் சுண்ணாம்பு மண்ணைக் காரமாக்கி ஈயத்தை இறுக்குகிறது, அது ஒரு நன்மை. ஆனால் அதே இடிபாட்டில் பழைய பெயின்ட் செதிலும் வருகிறது. பத்தடி தள்ளி எடுத்த மண் மாதிரி வேறு எண்ணைத் தருவது இதனால்தான்.

லாங்மியூர், ஃபிராய்ண்ட்லிக் சமவெப்பக் கோடுகள் எதற்கு? (மாணவர் கேள்வி)

ஒரு மண் எவ்வளவு பிடிக்கும் என்று எண்ணில் சொல்வதற்கு. வெவ்வேறு அடர்த்தியில் ஈயக் கரைசல் எடுத்து, அளந்த மண்ணோடு குலுக்கி, சமநிலை வந்ததும் வடிகட்டி, கரைசலில் மிச்சம் எவ்வளவு என்று பார்ப்பீர்கள். குறைந்ததெல்லாம் மண்ணில் ஒட்டியது. ஒரே வெப்பநிலையில் இந்த இரண்டையும் வரைந்தால் வருவதுதான் சமவெப்பக் கோடு. இர்விங் லாங்மியூரின் சமன்பாடு, இடங்கள் எல்லாம் ஒரே மாதிரியானவை, ஓர் அடுக்குதான் ஒட்டும் என்று எடுத்துக்கொள்கிறது. அதிலிருந்து உச்சக் கொள்ளளவு கிடைக்கும். மேற்பரப்பு வேதியியலுக்காக அவருக்கு 1932இல் நோபல் பரிசு கிடைத்தது. ஃபிராய்ண்ட்லிக் சமன்பாட்டில் இடங்கள் வெவ்வேறு வலிமையில் இருக்கலாம், அதனால் மண்ணுக்கு அதுதான் பல நேரம் நன்றாகப் பொருந்தும்.

மாணவர்களிடம் நான் வற்புறுத்துவது ஒன்று. ஆய்வகத்தில் ஒரே உலோகத்தை, சுத்தமான நீரில், 24 மணி நேரம் குலுக்கிக் கிடைத்த உச்சக் கொள்ளளவை வைத்து "இந்த மண் இவ்வளவு தாங்கும்" என்று முடிவுரையில் எழுதிவிடாதீர்கள். தெருவில் ஐந்தாறு உலோகங்கள் ஒரே இடத்துக்குப் போட்டி போடுகின்றன, கூடவே சாக்கடை நீரின் உப்பும் சோப்பும் இருக்கின்றன. ஒட்டியது திரும்பக் கழன்று வருகிறதா என்ற சோதனையையும் செய்யுங்கள். ஊர் மக்களுக்கு உபயோகமான பாதி அதுதான், கட்டுரைகளில் அதிகம் விடுபடுவதும் அதுதான்.

பிடித்து வைத்ததை மண் எப்போது விடும்?

முதல் காரணம் அமிலத்தன்மை. பிஎச் (அமிலம், காரத்தைக் காட்டும் எண்; அமிலம் கூடினால் இது குறையும்) குறையும்போது ஹைட்ரஜன் அயனிகள் வந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும், உலோகம் கரைசலுக்கு வந்துவிடும். தமிழ்நாட்டுச் சமவெளி மண் பெரும்பாலும் நடுநிலை அல்லது காரம் என்பதால் ஈயம், காட்மியம் விஷயத்தில் நமக்குக் கொஞ்சம் அனுகூலம் இருக்கிறது. நீலகிரி, கொடைக்கானல் மலை மண் அமிலத்தன்மை கொண்டது, அங்கே அந்த அனுகூலம் கிடையாது.

இரண்டாவது உப்பு. கடலோரத்தில் போர் தண்ணீர் உப்பாகிவிட்ட வீடுகளில் இதைக் கவனிக்க வேண்டும். குளோரைடு, காட்மியத்தோடு சேர்ந்து கரையக்கூடிய கூட்டுச் சேர்மமாகி அதை மண்ணிலிருந்து கழற்றிவிடும். செடியும் அதைச் சுலபமாக எடுத்துக்கொள்ளும். மண் மாறவில்லை, காட்மியத்தின் அளவு மாறவில்லை, தண்ணீர் மட்டும் மாறியது, கீரையில் காட்மியம் கூடிவிட்டது. உப்புத் தண்ணீரில் கீரை போடுகிறவர்கள் முடிந்தவரை மழைநீரைச் சேமித்துப் பயன்படுத்தச் சொல்வேன்.

மூன்றாவது வெள்ளம். மண்ணில் நாள் கணக்கில் நீர் தேங்கினால் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். அப்போது இரும்பு, மாங்கனீசு ஆக்சைடுகள் கரையத் தொடங்கும். அவற்றின் மேல் ஒட்டியிருந்த ஆர்செனிக் முதலியவை சேர்ந்து வெளியே வரும். சதுப்பில் பாதரசம் இருந்தால் நுண்ணுயிர்கள் அதை மீத்தைல் பாதரசம் என்ற நச்சு வடிவமாக்கும், அது மீனில் சேரும்.

காலமும் ஒரு காரணிதான், ஆனால் நல்ல பக்கத்தில். புதிதாக விழுந்த உலோகம் வெளிப்பரப்பில் இருக்கும். வருடங்கள் போகப் போகத் துகளின் நுண்துளைகளுக்குள் நகர்ந்து இன்னும் இறுகும்.

ராணிப்பேட்டையில் குரோமியம் ஏன் மண்ணில் நிற்காமல் கிணறுகளுக்குப் போனது?

மேலே சொன்னதெல்லாம் நேர் அயனிகளுக்கு. ஆறு இணைதிறன் குரோமியம் (குரோமியத்தின் நச்சு மிகுந்த வடிவம்) நீரில் குரோமேட் என்ற எதிர் அயனியாக இருக்கிறது. களிமண்ணும் எதிர்மின்சுமை, இதுவும் எதிர்மின்சுமை, ஒட்டாமல் நழுவிவிடும். இரும்பு ஆக்சைடுகள் ஓரளவு பிடிக்கும், ஆனால் மண் காரமாக ஆக அந்தப் பிடியும் தளரும். அதாவது ஈயத்தை இறுக்குகிற அதே காரத்தன்மை குரோமேட்டை அவிழ்த்துவிடுகிறது.

ராணிப்பேட்டையில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் நிறுவனம் 1970களின் நடுவிலிருந்து 1990களின் நடுப்பகுதி வரை தோல் தொழிலுக்கான குரோமிய உப்புகளைத் தயாரித்தது. மூடியபோது ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவைத் திறந்தவெளியில் விட்டுப் போனது. இப்படித் தாதுவை வறுத்து எடுத்த கழிவு மிகுந்த காரத்தன்மை கொண்டது. மழை பெய்ய, மஞ்சள் நீர் மண்ணுக்குள் இறங்கியது. 2006இல் உலகின் மிக மோசமாக மாசுபட்ட பத்து இடங்களின் பட்டியலில் பிளாக்ஸ்மித் நிறுவனம் என்ற அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு ராணிப்பேட்டையைச் சேர்த்தது.

தோல் ஆலைகளின் கழிவுநீர் வேறு. குரோம் பதனிடுதலுக்குப் பயன்படுவது மூன்று இணைதிறன் குரோமியம். அது மண்ணில் இறுகி, வீழ்படிவாகி, பெரும்பாலும் அங்கேயே நிற்கும், நச்சும் குறைவு. ஆம்பூர், வாணியம்பாடி, திண்டுக்கல், சென்னையை ஒட்டிய பல்லாவரம், குரோம்பேட்டைப் பக்கம் இருப்பது அதிகமும் இந்த வகை. அதற்காக அப்படியே விட்டுவிடலாம் என்று இல்லை: மாங்கனீசு ஆக்சைடு உள்ள மண்ணில் மூன்று இணைதிறன் மெல்ல ஆறாக மாறக்கூடும். மட்கு அதைத் திருப்பி மூன்றாக்கும். ஆகவே பரிசோதனைச் சீட்டில் "மொத்த குரோமியம்" என்று மட்டும் இருந்தால் கிணற்றைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. ஆறு இணைதிறனைத் தனியாக அளக்கச் சொல்லுங்கள்.

வேலூர் மாவட்டத் தோல் ஆலைகள் தொடர்பான வழக்கில்தான் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே சீர்செய்யும் செலவையும் ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று உறுதி செய்தது. அந்த வழக்கு பிறந்த மாவட்டத்திலேயே அந்தக் கழிவு மலை இத்தனை காலம் கிடந்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

மண் ஈயத்தைக் கெட்டியாகப் பிடித்திருக்கிறது என்றால் பயப்பட வேண்டியதில்லைதானே?

கிணற்றுக்கும் செடிக்கும் அந்தப் பிடி பாதுகாப்பு. குழந்தைக்கு இல்லை.

ஈயம் ஆழத்துக்கு இறங்காமல் மேல் மண்ணிலேயே நிற்கிறது, குழந்தை தவழ்ந்து விளையாடுவதும் அங்கேதான். கையில் ஒட்டிய மண் வாய்க்குப் போகிறது. வயிற்றின் அமிலம் பிஎச் 2க்கும் கீழே. மண்ணில் வருடக்கணக்காக ஒட்டியிருந்த ஈயத்தில் பெரும்பகுதியை அங்கே கழற்றிவிட அது போதும். பெரியவர் உடல் உட்கொண்ட ஈயத்தில் பத்தில் ஒரு பங்கு அளவே எடுத்துக்கொள்ளும். சிறு குழந்தையின் உடல் பாதி வரைக்கும் எடுத்துக்கொள்ளும். இரும்புச்சத்தும் கால்சியமும் குறைவாக இருந்தால் இன்னும் கூடும். பாதுகாப்பான அளவு என்று ஒன்று தெரியவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. பாதிப்பு மூளை வளர்ச்சியில். வெளியே எந்த அறிகுறியும் தெரியாமலே படிப்பும் கவனமும் குறையும்.

கர்ப்ப காலத்தில் மண், சாம்பல், செங்கல் துண்டு தின்னத் தோன்றுவது நம் ஊரில் புதிதல்ல. பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவோடு சேர்ந்து வரும். கேலி செய்யாமல், திட்டாமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். நகர மண்ணைத் தின்பது தாய்க்கும் வயிற்றிலுள்ள பிள்ளைக்கும் நேரடியாக ஈயம் கொடுப்பது மாதிரி ஆகிவிடும்.

வீட்டில் செய்ய வேண்டியவை எளிமையானவை. செருப்பை வெளியே விடுவது, வாசலைத் தண்ணீர் தெளித்துப் பெருக்குவது இரண்டும் நம் பழக்கத்திலேயே இருக்கின்றன, இரண்டுமே தூசியைக் குறைக்கும். உள்ளே தரையை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்குவதைவிட ஈரத்துணியால் துடையுங்கள். சாப்பிடும் முன் பிள்ளைகளின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வெற்று மண் தெரியும் இடத்தில் புல்லோ சருகு மூடாக்கோ போடுங்கள்.

எந்தக் காய்கறி அதிகம் எடுத்துக்கொள்ளும்?

கீரைகள்தான் முதலில், குறிப்பாகக் காட்மியத்தை. அடுத்து கிழங்கும் வேரும்: முள்ளங்கி, கேரட், பீட்ரூட். தக்காளி, கத்திரி, வெண்டை, அவரை போன்ற காய்களுக்கு மிகக் குறைவாகவே போய்ச் சேரும். ஈயத்தை வேர் தன்னிடமே தடுத்து வைத்துக்கொள்ளும் என்பதால் இலையில் காணப்படும் ஈயத்தில் பெரும்பங்கு வெளியிலிருந்து வந்து படிந்த தூசி. அதனால் கீரையை இரண்டு மூன்று தண்ணீரில் அலசுவது உண்மையிலேயே பலன் தரும். காட்மியம் இலைக்குள்ளே இருப்பது; அலசினால் போகாது. இலைக் காய்கறிகளுக்குப் பன்னாட்டு உணவுத் தரமான கோடெக்ஸ் வைத்திருக்கும் வரம்பு கிலோவுக்கு ஈயம் 0.3 மில்லிகிராம், காட்மியம் 0.2 மில்லிகிராம்.

மண்ணை எங்கே பரிசோதிப்பது? என்ன கேட்பது?

வேளாண்துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் தரும் மண்வள அட்டையில் 12 அளவீடுகள் இருக்கும்: தழை, மணி, சாம்பல் சத்து, கந்தகம், துத்தநாகம், இரும்பு, செம்பு, மாங்கனீசு, போரான், பிஎச், உப்பு நிலை, கரிமம். ஈயம், காட்மியம், குரோமியம் அதில் கிடையாது. "மண் டெஸ்ட் செய்தோம், நல்லா இருக்கு" என்பவர்கள் பெரும்பாலும் இந்த அட்டையைத்தான் சொல்கிறார்கள். இருந்தாலும் பிஎச், உப்பு, கரிமம் மூன்றும் பிடிமானத்தைப் பற்றி நிறையச் சொல்லும், எடுத்து வையுங்கள்.

கன உலோகத்துக்கு என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வகத்துக்கோ, பல்கலைக்கழக ஆய்வகத்துக்கோ போக வேண்டும். கட்டணம் ஒவ்வொரு உலோகத்துக்கும் தனி, ஆகவே எல்லாவற்றையும் கேட்காமல் ஈயம், காட்மியம் இரண்டோடு தொடங்குங்கள். தோல், முலாம் தொழில் பக்கத்தில் இருந்தால் குரோமியம். இரண்டு எண்கள் இருப்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். அடர் அமிலத்தில் கரைத்து அளப்பது மொத்த அளவு. டிடிபிஏ போன்ற மென்மையான கரைசலால் கழற்றி அளப்பது செடிக்குக் கிடைக்கக்கூடிய அளவு. குழந்தை விளையாடும் இடத்துக்கு மொத்த அளவு, காய்கறிப் பாத்திக்கு இரண்டும் வேண்டும். ஆய்வுக்கு இன்னும் நுணுக்கம் தேவைப்பட்டால் 1979இல் டெஸ்ஸியே என்ற ஆய்வாளர் வகுத்த படிப்படி முறை உண்டு. எளிதில் இடம் மாறுவது, கார்பனேட்டில், ஆக்சைடில், கரிமத்தில், கனிமத்துக்குள் என்று ஐந்தாகப் பிரித்துக் காட்டும்.

மாதிரி எடுக்கும்போது விளையாட்டிடத்தில் மேல் ஓர் அங்குலம், பாத்தியில் வேர் ஆழம். சுவரோரம், கூரை நீர் விழும் இடம், சாலைப் பக்கம் ஆகியவற்றைத் தனித்தனிப் பையில் போடுங்கள். எல்லாவற்றையும் கலந்தால் மோசமான மூலை சராசரியில் மறைந்துவிடும்.

எவ்வளவு இருந்தால் ஆபத்து?

மாசுபடாத மண்ணில் ஈயம் பொதுவாகக் கிலோவுக்கு 10 முதல் 40 மில்லிகிராம். குடியிருப்பு மண்ணுக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 400 என்று வைத்திருந்த எச்சரிக்கை அளவை 2024 ஜனவரியில் 200ஆகக் குறைத்தது. கலிபோர்னியா 2009இலேயே 80 என்று வைத்தது. எண் இறங்கிக்கொண்டே போவதைக் கவனியுங்கள். நம் ஊரில் கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை மண்ணுக்குப் பாதரசம் 20 மில்லிகிராம் என்று வரம்பு வைத்தபோது, அது போதாது என்று நீண்ட போராட்டமே நடந்தது. 2025இல்தான் மாசுபட்ட இடங்களைக் கண்டறிந்து சீர்செய்வதற்கென்று ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம் தனி விதிகள் கொண்டுவந்தது.

வீட்டுக்கு என் கணக்கு இது: ஈயம் 80க்குக் கீழே என்றால் நிம்மதியாகத் தோட்டம் போடுங்கள். 80 முதல் 200 என்றால் கீரையும் கிழங்கும் தொட்டியில், காய்கள் தரையில். 200க்கு மேல் என்றால் தரையை மூடிவிட்டு, வேறு மண் கொண்டு உயர்த்திய பாத்தி.

மாநகராட்சிக் குப்பையிலிருந்து வரும் உரத்தை நம்பலாமா?

மூலத்திலேயே பிரித்த மக்கும் குப்பை என்றால் நம்பலாம். பழைய குப்பைக் கிடங்கைத் தோண்டிச் சலித்த மண்ணைத் தோட்டத்துக்கு வாங்காதீர்கள். பேட்டரி, பல்பு, பெயின்ட் டப்பா எல்லாம் கலந்து கிடந்த இடம் அது. உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி நகரக் கம்போஸ்ட்டில் கிலோவுக்கு ஈயம் 100, காட்மியம் 5, குரோமியம் 50, ஆர்செனிக் 10, பாதரசம் 0.15 மில்லிகிராம்தான் அதிகபட்சம். விற்பவரிடம் பரிசோதனைச் சீட்டைக் கேளுங்கள்.

மாசுபட்ட மண்ணை வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?

உலோகத்தை வெளியே எடுக்க முடியாது. பிடியை இறுக்கலாம். நன்கு மட்கிய தொழுவுரம் தாராளமாகப் போடுங்கள். அளவு நீர்த்துப்போகும், பிடிமானமும் கூடும். பிஎச் 6.5க்குக் கீழே இருந்தால் மட்டும் விவசாயச் சுண்ணாம்பு. உமிக்கரி, தேங்காய்ச் சிரட்டைக் கரி போன்றவை ஈயம், காட்மியத்தைப் பிடிக்கும், ஆனால் தூளாக்கி மண்ணில் நன்றாகக் கலக்க வேண்டும்.

ஈயத்துக்கென்றே ஒரு வழி பாஸ்பேட். கலிபோர்னியாவின் ஓக்லண்ட் நகரில் சவுத் பிரஸ்காட் என்ற பகுதியின் வீட்டு முற்றங்களில் 2011 வாக்கில் அரைத்த மீன் எலும்பைக் கலந்தார்கள். எலும்பின் பாஸ்பேட், ஈயத்தோடு சேர்ந்து பைரோமார்பைட் என்ற கனிமமாகும். அது வயிற்று அமிலத்தில்கூட லேசில் கரையாது. முன்பு சொன்ன குழந்தைப் பிரச்சினைக்கும் ஓரளவு பதில் தருவதால் இந்த முறை எனக்கு மிகவும் பிடிக்கும். எச்சரிக்கை ஒன்று உண்டு: ஆர்செனிக் இருக்கும் மண்ணில் பாஸ்பேட் போடக் கூடாது. இரண்டும் ஒரே மாதிரி அயனிகள்; பாஸ்பேட் இடத்தைப் பிடித்துக்கொண்டு ஆர்செனிக்கைத் தண்ணீருக்குத் தள்ளிவிடும்.

கடுகு, சூரியகாந்தி நட்டால் ஈயத்தை எடுத்துவிடும் என்கிறார்களே?

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சதுர மீட்டர், 20 சென்டிமீட்டர் ஆழம். ஏறக்குறைய 260 கிலோ மண். கிலோவுக்கு 300 மில்லிகிராம் என்றால் 78 கிராம் ஈயம். ஒரு போகத்தில் ஒரு கிலோ உலர்ந்த செடி கிடைத்து, அதில் தாராளமாக 100 மில்லிகிராம் ஈயம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், பாதி ஈயத்தை எடுக்க 390 போகம் வேண்டும். ஈயத்தைக் கழற்றிவிட இடிடிஏ என்ற ரசாயனத்தை ஊற்றினால் செடி அதிகம் எடுக்கும், ஆனால் கழன்றதில் பெரும்பகுதி செடிக்குப் போகாமல் நிலத்தடி நீருக்குப் போகும். தயவுசெய்து வீட்டில் முயல வேண்டாம். ஆர்செனிக்குக்கு மட்டும் நிலைமை கொஞ்சம் மேல்: பெரணி வகை ஒன்று அதை அபாரமாகச் சேர்த்துக்கொள்கிறது என்று புளோரிடா ஆய்வாளர்கள் 2001இல் கண்டார்கள். அறுவடை செய்த செடியும் நச்சுக் கழிவுதான், மாட்டுக்குப் போடவோ எரிக்கவோ கூடாது.

மாடித்தோட்டம் பாதுகாப்பானதா?

பெரும்பாலும் ஆமாம். நல்ல மண்ணும் உரமும் வாங்கி, மாடி நெரிசலான சாலையைப் பார்த்தபடி இல்லாமல் இருந்தால் போதும். பழைய பெயின்ட் டப்பாவையும் பேட்டரிப் பெட்டியையும் தொட்டியாக்காதீர்கள்.

தெருவில் பழைய பேட்டரி உடைத்து உருக்குகிறார்கள். என்ன செய்வது?

இதைத் தள்ளிப்போடாதீர்கள். செனகல் நாட்டின் டக்கார் புறநகரான தியாரோய் சுர் மேரில், பேட்டரிகளை உடைத்த இடத்து மண்ணைச் சலித்து ஈயம் பொறுக்கினார்கள். 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் அங்கே 18 குழந்தைகள் இறந்தார்கள். முதலில் என்ன நோய் என்றே யாருக்கும் புரியவில்லை.

முதல் வேலை, பிள்ளைகளுக்கு ரத்தத்தில் ஈய அளவு பார்ப்பது. இது வழக்கமான ரத்தப் பரிசோதனையில் வராது, மருத்துவரிடம் தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால் ஈயம் எங்கிருந்து வருகிறது என்று கண்டறிந்து நிறுத்த வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல். ஈயத்தை வெளியேற்றும் மருந்துகள் மருத்துவமனையில் மட்டும் கொடுக்க வேண்டியவை. இணையத்தில் விற்கும் நச்சு நீக்கப் பொடிகளை வாங்க வேண்டாம்.

புகாரைத் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் 2022இன் கீழ், பதிவு இல்லாமல் மறுசுழற்சி செய்வதே குற்றம். புகாரில் அந்த விதியைக் குறிப்பிடுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்திலும் அதே மனுவைக் கொடுக்கலாம். நடவடிக்கை இல்லையென்றால் சென்னையிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இருக்கிறது. உருக்காலையை மூடியதோடு நிறுத்திக்கொள்ளாமல், அந்த இடத்து மேல் மண்ணை அகற்றவும், சுற்றியுள்ள வீடுகளின் மண்ணைப் பரிசோதிக்கவும் மனுவிலேயே கேட்டுவிடுங்கள்.